மஞ்சள் சீட்டைக் கிழித்தவர்

1. எல்லாம் ‘அப்’

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு மூன்றாவது லைன் சூப்பர்வைசர் தனபால் போன் செய்தார். மண்ணூர்க்காரர், எளிதில் பதறாத மனிதர். “சார், லைன் நின்னுகினு கீது. ஸ்கேனர்ல அடிச்சா ஒண்ணும் சர்வருக்குப் போவல. சீக்கிரம் வா சார்” என்றார்.

ஒரகடத்தில் கார் டாஷ்போர்டு செய்யும் தொழிற்சாலையில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பதினோரு வருடமாக இருந்தாலும் நான் கம்பெனி ஆள் இல்லை, ஏஜென்சி ஆள். எனக்குக் கீழே கனி, அவளும் ஏஜென்சிதான். எங்கள் டாஷ்போர்டு நேரத்துக்குப் போகாவிட்டால் கார் கம்பெனியில் அவர்கள் லைனும் நிற்கும். அதனால் எங்கள் ஆலையில் நின்ற நிமிடம் ஒவ்வொன்றுக்கும் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

நான் போனபோது கனி நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்கும் ரேக் அருகில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்தாள். ஸ்விட்சில் எல்லாம் ‘அப்’ என்றுதான் காட்டுகிறது, கேபிளையும் மாற்றிப் பார்த்துவிட்டேன் என்றாள்.

‘ஷோ ஐ.பி. இன்டர்ஃபேஸ் பிரீஃப்’ என்று அடித்தால் ஸ்விட்ச் ஒரு பட்டியல் தரும். லைனுக்கு ஒரு வரி. முதலில் அந்த லைனின் ஐ.பி. முகவரி, நடுவில் அது எப்படி வந்தது என்ற விவரம், கடைசியில் இணைப்பு இருக்கிறதா இல்லையா என்பதற்கு ‘அப்’ அல்லது ‘டவுன்’. அவசரத்தில் எல்லோர் கண்ணும் கடைசிக் கட்டத்துக்குத்தான் ஓடும். அங்கே ‘அப்’ என்று இருந்தால் ஸ்விட்சை விட்டுவிட்டு சர்வர்காரர்களோடு சண்டைக்குப் போவோம். நாங்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதைத்தான் செய்தோம்.

பிறகுதான் நடுக்கட்டத்தைப் பார்த்தேன். கையால் அடித்த முகவரி என்றால் அங்கே ‘மேனுவல்’ என்று இருக்கும். ஆஃப் ஆகி ஆன் ஆகும்போது ஸ்விட்ச் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொண்டது என்றால் ‘என்.வி.ராம்’ என்று இருக்கும். மூன்றாவது லைனுக்கு எதிரே ‘என்.வி.ராம்’ இருந்தது. முகவரியும் பழையது. மூன்று வாரம் முன்பு நாங்கள் மாற்றிய முகவரி சேவ் ஆகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை யு.பி.எஸ். பேட்டரி மாற்றுவதற்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். திரும்ப ஆன் ஆனதும் ஸ்விட்ச் பழைய முகவரிக்குப் போய்விட்டது. ஸ்கேனர்கள் புது முகவரியைத் தேடிக்கொண்டு நின்றன.

சரிசெய்ய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பிறகு நான் வேறு மாதிரி சொன்னதால் இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

2. நான் போட்ட வழக்கம்

எந்த மாற்றம் செய்தாலும் உடனே சேவ் செய்யக் கூடாது என்பது எங்கள் ரேக்கின் வழக்கம். போட்டவன் நான். முகவரி தப்பாகப் போனால் ஸ்விட்சை ஆஃப் செய்து ஆன் செய்தால் போதும், பழையது வந்துவிடும். லைன் ஒரு ஷிஃப்ட் ஒழுங்காக ஓடிய பிறகே சேவ். அதுவரை ரேக் கதவில் ‘சேவ் ஆகலை’ என்று மஞ்சள் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். சேவ் செய்கிறவர் அதைக் கிழிக்க வேண்டும்.

மூன்று வாரம் முன்பு முகவரியை மாற்றியவள் கனி. மாற்றங்களை எழுதும் நோட்டில் கையெழுத்துப் போட்டு, சீட்டு ஒட்டி, ஷிஃப்ட் முடிந்ததும் என்னிடம் வந்து, “லைன் நல்லா ஓடுது சார். சேவ் பண்ணிரட்டா?” என்று கேட்டாள். இன்னும் ஒரு மணி நேரம் ஓடட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பஸ்ஸைப் பிடி என்றேன்.

நாலு மணிக்கு ரேக்குக்குப் போனேன். சீட்டைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன். மகள் பள்ளியிலிருந்து போன். வீசிங், இன்ஹேலர் போட்டும் அடங்கவில்லை என்றார்கள். லேப்டாப்பை மூடிவிட்டு ஓடினேன். இரவு எட்டு மணிக்கு அவளுக்கு மூச்சு சீரானது. “பாப்பா எப்படி இருக்கு சார்?” என்று, யாரிடமோ கேள்விப்பட்டு, கனி மெசேஜ் அனுப்பியிருந்தாள். பரவாயில்லை என்று பதில் போட்டேன். சேவ் என்ற சொல்லே என் மண்டையில் இல்லை.

3. ஐந்தாவது ஒய்

எங்கள் பகுதியில் எந்த ஆலையில் லைன் நின்றாலும் ஒய்-ஒய் அனாலிசிஸ் என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஏன் நின்றது, அது ஏன், அது ஏன் என்று ஐந்து முறை கேட்டு எழுதுவது. அன்று பதினோரு மணிக்கு மீட்டிங் ரூம் போர்டில் நாலு ஒய் எழுதியாகிவிட்டது. ஐந்தாவது, ஏன் சேவ் செய்யவில்லை.

பிளான்ட் மேனேஜர் மார்க்கரை மூடாமல் என்னைப் பார்த்தார். “இந்த ஃபார்ம் கஸ்டமருக்கு ரெண்டு மணிக்குள்ள போவணும் சார். சிஸ்டம் மேல பழி போட்டா ஒத்துக்க மாட்டான். யாரு?”

நோட்டில் கனியின் கையெழுத்து மட்டும் இருந்தது. ஸ்விட்சுக்குள் எல்லோரும் ஒரே ‘அட்மின்’ பெயரில் போவோம், அதனால் அதுவும் ஒன்றும் சொல்லாது.

கனி என் பக்கம் திரும்பினாள். “உங்ககிட்ட கேட்டேம்லா சார். நான் பாத்துக்கிறேன், நீ போன்னு சொன்னீங்களே. அன்னைக்குத்தான் பாப்பாவுக்கு...” என்று ஆரம்பித்தவள், அங்கேயே நிறுத்திக்கொண்டாள். என் குழந்தையை அந்த அறைக்குள் இழுக்க அவளுக்கு மனமில்லை.

“எனக்கு ஞாபகம் இல்லம்மா” என்றேன்.

மேனேஜர் ஐந்தாவது கட்டத்தில் ‘டெக்னீசியன் கவனக்குறைவு’ என்று எழுதினார். மதியத்துக்குள் ஏஜென்சியிலிருந்து போன் வந்து, அவள் கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்தாள்.

கனிக்கு மூன்றரை வயதில் ஒரு மகன், கோவில்பட்டியில் அவள் அம்மாவிடம் இருந்தான். ஜூனில் அவனை இங்கே கூட்டிவந்து பள்ளியில் சேர்க்க, ஹாஸ்டலைக் காலி செய்து வடக்குப்பட்டில் வீடு பார்த்து வைத்திருந்தாள். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அன்று மாலை என் மகள் இன்ஹேலர் பையைத் துழாவி, “லைன் த்ரீ சேவ் ஆகலைன்னா என்னப்பா?” என்று கேட்டாள். அவள் கையில் மஞ்சள் சீட்டு. கிளினிக்கில் மருந்துச்சீட்டோடு சேர்த்து நான்தான் அதில் திணித்திருக்கிறேன். மறுநாள் காலை அதை மேனேஜர் மேஜையில் வைத்திருக்கலாம். இந்த வேலை போனால் இவள் கதி என்ன என்று இரவெல்லாம் நினைத்தேன். கனியின் மகனைப் பற்றியும் நினைத்தேன். சீட்டு வீட்டிலேயே இருந்தது.

4. புதுக் கட்டம்

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். பட்டியலில் ‘அப்’ என்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், நடுக்கட்டத்தையும் படியுங்கள். உங்கள் பெயரில் தனி லாகின் கேட்டு வாங்குங்கள். ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று மேலே இருப்பவர் சொன்னால், அவரிடமே நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள். இது மூன்றாகிவிட்டது. மூன்றாவதுதான் முக்கியம்.

எங்கள் நோட்டில் மாற்றியவர் பெயருக்கு இடம் இருந்தது, சேவ் செய்தவர் பெயருக்கு இல்லை. அந்தக் கட்டத்தைப் பிறகு நான் சேர்த்தேன். பழைய பக்கங்களுக்கும் கோடு இழுத்தேன். கனியின் கையெழுத்து இருந்த வரியில், ‘செய்யவில்லை’ என்று எழுதி, என் பெயரையும் போட்டேன். கனிக்குப் பலமுறை போன் செய்தேன், எடுக்கவில்லை.

ஜூனில் கார் கம்பெனியிலிருந்து ஆடிட்டர் வந்தார். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அந்தப் பக்கமும் வந்தது. கேட்டால் சொல்லிவிடுவது என்றுதான் நின்றேன். அவர் விரலைக் கட்டங்கள் மேல் ஓட்டிக்கொண்டே போனார். எதுவும் காலியாக இல்லை. “நல்ல இம்ப்ரூவ்மென்ட். யாரு பண்ணது?” என்று கேட்டார். மேனேஜர் என்னைக் காட்டினார்.