ஆணியில்லாத படி

எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் டிரைவர் அவர். ஒல்லி உடம்பு, வெளுத்த காக்கிச் சட்டை. தீவிபத்தில் கால் வெந்த மனைவியை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்வர, வேனின் பின்வாசலுக்கு மரப்படி செய்துகொண்டிருந்தார். ஆணிக்குப் பதில் மூங்கில் முளைகளை மரக்கட்டையால் மெல்லத் தட்டுவார். ஒவ்வொரு தட்டுக்கும் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்ப்பார். தீப்பொறிக்குப் பயந்து கம்பெனிக்குள் இரும்பு விடமாட்டார்கள். அந்தப் பழக்கம் என்று நினைத்தேன்.

"நாலு ஆணி அடிச்சா முடிஞ்சிருமே அண்ணாச்சி?"

"இரும்புச் சத்தம் கேட்டா, வெடிக்கப் போகுதுன்னு எந்திரிச்சு ஓடப் பாக்கா தம்பி. அந்தக் காலை வச்சுக்கிட்டு எங்கிட்டு ஓடுவா?"

அடுத்த வாரம் அவர் வீட்டு முன் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதே படியில், தெருவே அதிர, ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஒருமுறைகூட வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை.