இருபத்து நாலு கிலோ

என் எடை இன்னொருவருக்குத் தேவைப்பட்டது என் வாழ்க்கையில் ஒரே ஒரு வருடம்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது, எடை இருபத்து நாலு கிலோ. தேவைப்பட்டது ஒரு காருக்கு.

கார் என் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. மரக்காணத்துக் கடற்கரையில் ஃபைபர் படகுகளின் இன்ஜினைப் பழுது பார்ப்பது அவர் தொழில். வேலை முடிந்ததும் மற்றவர்கள் டீக்கடைக்குப் போவார்கள், சீட்டாடுவார்கள். மாமா வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு மறுபடியும் ஏதாவது ஒரு இன்ஜினைப் பிரிப்பார். குயிலாப்பாளையத்தில் வெகுநாள் இருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது, ஓடாமல் கிடந்த தன் ஸ்போர்ட்ஸ் காரை இப்படிப்பட்ட ஆளாகப் பார்த்துத் தலையில் கட்டிவிட்டுப் போனார். சிவப்புக் கார். இரண்டு கதவு, இரண்டு சீட்டு, மடக்கக்கூடிய துணிக்கூரை. உடம்பு முழுக்க ஃபைபர், அடியில் மட்டும் இரும்புச் சட்டம்.

"நம்ம ஃபைபர் போட்டு மாதிரிதான் மாமா. உப்புக்காத்து ஒண்ணும் பண்ணாது" என்று என் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னார்.

"அப்போ கடல்லயே உட்டுடு மச்சான்" என்றார் அப்பா.

கார் பார்க்கத்தான் புலி, உள்ளே இருந்தது பூனை இன்ஜின். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு ஈ.சி.ஆரில் சீறிக்கொண்டு போகும் கார்களை மாமா சாலையோரம் நின்று, சத்தத்தை மட்டும் கேட்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். ஒருநாள் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய், விபத்தில் நசுங்கிய ஒரு பெரிய காரின் இன்ஜினோடு மினி லாரியில் வந்து இறங்கினார். சின்ன இன்ஜினைக் கழற்றிவிட்டு இதை மாட்டப் போகிறாராம். மூன்று சவுக்குக் கட்டைகளை நட்டு, செயின் பிளாக் கட்டி, உப்பளத்து ஆட்கள் நாலு பேர் பிடிக்க, அந்த இன்ஜின் எங்கள் வாசலில் அந்தரத்தில் ஆடியது. இறக்கினால் பொருந்தவில்லை. தாங்கிப் பிடிக்கும் இரும்புகளைக் கிளியனூரில் ஒரு லேத்துப் பட்டறையில் புதிதாகச் செய்து வந்தார். பானெட் மூடவில்லை. அதை அறுத்து, படகுக்கு ஒட்டுப்போடுவது போலவே ஃபைபரில் ஒரு திமில் வைத்தார். பேட்டரிக்கு முன்னால் இடமில்லாமல் போனதால் அது டிக்கிக்குப் போனது. அதன் எர்த் வயரை டிக்கியின் அடியில் தெரிந்த இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட்டால் முடுக்கினார். இன்ஜின் மாற்றியதை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றத் திண்டிவனத்துக்கு அவர் நடந்த நடையில் செருப்பு இரண்டு ஜோடி தேய்ந்தது. இவ்வளவும் முடிய ஏறக்குறைய ஒரு வருடம்.

அந்த ஒரு வருடமும் எங்கள் வீட்டில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. என் தம்பிக்கு இதயத்தில் ஓட்டை. மூன்று வயதுக் குழந்தை, நாலு அடி நடந்தால் உதடு நீலமாகிவிடும். ஆபரேஷனுக்காகப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். அம்மாவுக்குக் கண் எப்போதும் அவன் மேல்தான். தலை பின்னும்போது ஒரு சடையை முடித்துவிட்டு, அவன் முனகினால் எழுந்து போய்விடுவாள். பல நாள் நான் ஒற்றைச் சடையோடு, மறுபக்கம் விரித்த முடியோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். தெருவில் யார் பார்த்தாலும் "தம்பி எப்படிம்மா இருக்கான்?" என்றுதான் என்னிடம் கேட்பார்கள். என் மேல் யாருக்கும் கோபமில்லை, வெறுப்பில்லை. நான் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். எனக்கும் இதயத்தில் ஒரு ஓட்டை இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நான் நினைத்ததுண்டு. சாமியிடம் கேட்டும் இருக்கிறேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

புது இன்ஜினோடு கார் முதன்முதலில் ஓடிய சாயங்காலம் நான் வாசலில் அப்படியொரு ஒற்றைச் சடையோடு உட்கார்ந்திருந்தேன். மாமா உப்பளம் வரைக்கும் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து காரைச் சுற்றி நடந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"முன்னாடி இன்ஜின் பெருசாயிடுச்சி பாப்பா. பின்னாடி லேசாயிடுச்சி. வளைவுல வழுக்குது. பின்னாடி ஒரு இருபது இருபத்தஞ்சி கிலோ இருந்தா கரெக்டா உக்காந்துடும்."

"உப்பு மூட்டை வெச்சிக்கோ மாமா" என்றேன். எங்கள் ஊரில் மூட்டை என்றால் உப்புதான். வேறு மூட்டை எனக்குத் தெரியாது.

"உப்பா? அய்யய்யோ! அது இரும்பைத் தின்னுடும். இந்தக் கார் பக்கமே உப்பு வரக்கூடாது." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எத்தனை கிலோ இருப்பே?"

உப்புக் கொட்டகையில் மூட்டை எடைபோடும் தராசில் என்னை நிற்க வைத்தார்கள். இருபத்து நாலு. "அடேங்கப்பா, அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்குது" என்றார் மாமா. அந்த வார்த்தையை நான் எத்தனை நாள் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது.

இரண்டு சீட்டுக்கும் பின்னால் சாமான் வைக்கும் ஒரு மேடை உண்டு. அதில் லைஃப் ஜாக்கெட்டின் பஞ்சுப்பலகையைப் போட்டு, ஒரு பழைய வேனின் பெல்ட்டைப் பூட்டி, எனக்கு இடம் செய்தார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சோதனை ஓட்டம். அந்த நேரத்தில்தான் தம்பிக்கு மூச்சு இரைக்க ஆரம்பிக்கும், வீடே வாயை மூடிக்கொள்ளும். நான் கடற்கரையிலிருந்து ஓடி வருவேன். "கால்ல மணலைத் தட்டிட்டு ஏறு" என்பார் மாமா, ஒருநாள் தவறாமல். தட்டிவிட்டு ஏறுவேன். உப்பளத்து வெள்ளைக் குவியல்கள் இரண்டு பக்கமும் ஓட, வளைவு வரும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு முழு மூச்சாகக் கனத்துக்கொள்வேன். "வழுக்கல பாத்தியா?" என்று திரும்பிக் கத்துவார். மற்ற நேரமெல்லாம் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே வருவார். இன்ஜின் சத்தத்தில் நானும் தொண்டை கிழியப் பதில் சொல்லிக்கொண்டே வருவேன்.

அந்த ஆவணியில் சென்னைக்காரர் ஒருவர் பஞ்சர் கடையில் நின்றபோது இந்தக் காரைப் பார்த்துவிட்டார். பானெட்டைத் திறக்கச் சொல்லி, தலையை உள்ளே விட்டு, "இதை நீங்களேவா மாத்தினீங்க?" என்று மூன்று தரம் கேட்டார். மழை முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு கார்கள் சேர்ந்து பாண்டிச்சேரி போகிறோம், மரக்காணத்தில் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள் என்று மாமாவின் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். மாமா அன்று சாப்பிடும்போது தட்டில் சோறு இல்லாததைக் கவனிக்காமல் பிசைந்துகொண்டிருந்தார்.

புரட்டாசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம். எழுந்து வந்தபோது எதிர்வீட்டு அக்கா, "என்னாடி இப்படித் துரும்பா எளச்சிட்டே" என்றாள். என் வேலை இருபத்து நாலு கிலோவாக இருப்பது. அது குறைந்துவிட்டால் மாமா வேறு ஆளைத் தேடிக்கொள்வார். எதிர்வீட்டுப் பையன் வேறு குண்டாக இருந்தான்.

அன்று மத்தியானம் உப்புக் குவியலிலிருந்து இரண்டு கிலோ இருக்கும் என்று தோன்றிய அளவுக்கு அள்ளி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினேன். உப்பு இரும்பைத் தின்னும் என்பது நினைவிருந்தது. அதனால்தான் கவர். கட்டிவிட்டால் அது எப்படித் தின்னும்? ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து டிக்கியைத் திறந்து, பேட்டரிக்குப் பின்னால், லேசில் கை எட்டாத மூலையில் அதைத் திணித்தேன்.

சாயங்காலம் மாமா, "வா, வெயிட் பாத்துடலாம்" என்று கொட்டகைக்குக் கூட்டிப் போனார். நான் தராசில் ஏறி நின்றேன். மாமா பக்கத்தில் குந்தி, ஒரு காலைத் தராசுப் பலகையின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு, தராசுத் தண்டின் குண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"இருபத்தி நாலு. ஒரு கிராம் கொறையல."

காய்ச்சலில் குடித்த கஞ்சிக்கு இவ்வளவு சத்தா என்று எனக்கு ஆச்சரியம். உப்பை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் டிக்கிச் சாவி மாமாவிடம் போய்விட்டது. எடுக்கப் போய் மாட்டிக்கொண்டால் என்ன சொல்வது? அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, கார் தார்ப்பாய்க்குள் போனது, நான் அதை மறந்தேன்.

தம்பிக்கு ஆபரேஷன் கார்த்திகைக் கடைசியில் நடந்தது. அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார்கள், நான் மாமாவோடு. நல்லபடியாக முடிந்தது என்று போன் வந்த வாரமே சென்னைக்காரரிடமிருந்தும் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. "நீயும் வர்றே. நேரா ஆஸ்பத்திரி வாசல்ல போய் எறங்குறோம். ஒங்கம்மா பாக்கணும்" என்றார் மாமா.

எனக்கு அம்மாவைப் பார்த்துப் பத்து நாள் ஆகியிருந்தது. சனிக்கிழமை முழுக்க மாமா காரைத் துடைத்தார், நான் பானெட்டின் திமிலைத் துடைத்தேன்.

கார்கள் வந்து நின்றபோது டீக்கடையில் ஒருவரும் டீ குடிக்கவில்லை. எல்லாம் விளம்பரத்தில் வருகிற கார்கள். நடுவில் எங்கள் சிவப்புக் கார், பானெட்டில் ஒட்டுத் திமிலோடு. மாமா சாவியைத் திருப்பினார். அது உறுமியதும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வரிசையில் மூன்றாவதாகக் கிளம்பினோம். மாமா சிரித்தது முன்னால் தொங்கிய கண்ணாடியில் தெரிந்தது. அப்படி அவர் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

உப்பளம் முடிவதற்குள் கார் நின்றுவிட்டது. இருமவில்லை, குலுங்கவில்லை. ஒரே நொடியில் எல்லா விளக்கும் அணைந்து, இன்ஜின் செத்துப்போய், ஓரமாக உருண்டு நின்றது. மாமா முன்னால் பார்த்தார், பிறகு டிக்கியைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். உப்புக் கற்கள் கவரைக் குத்திக் கிழித்திருந்தன. மழைக்காலம் முழுக்க அது கசிந்து கசிந்து, போல்ட் இருந்த இடத்தில் பச்சையும் பழுப்புமாக ஏதோ பொரிந்துபோய்க் கிடந்தது. மாமா வயரைத் தொட்டார். கையோடு வந்துவிட்டது.

அவர் உப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதற்குள் சென்னைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கவரின் மேல் போட்டார்.

"என்ன ஆச்சுங்க?"

"என் தப்புதாங்க. எர்த் வயர் சரியா முடுக்கல போல. அவசரத்துல பண்ணது."

"இது பேசிக் விஷயமாச்சே!" என்றார் கறுப்புக் கண்ணாடி.

"ஆமாங்க" என்றார் மாமா. "நீங்க கெளம்புங்க, லேட்டாவுது." அவர்கள் போனார்கள். சத்தம் தேய்ந்து மறையும் வரை மாமா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர்கள் மறுபடி அவரைக் கூப்பிடவேயில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனோம். வெகுதூரம் போன பிறகுதான் கேட்டார்.

"எப்ப வெச்சே?"

"ஜொரம் வந்தப்ப."

"ஏன்?"

"ரெண்டு கிலோ கொறஞ்சிட்டேன்னு நெனச்சேன். நீ வேற ஆளைச் சேத்துக்குவேன்னு."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாண்டிச்சேரி வரும்வரை திரும்பவில்லை. திட்டக்கூடப் பிடிக்காத அளவுக்குக் கோபம் என்று நினைத்து நான் அழுதுகொண்டே வந்தேன். இறங்கும்போது என் கையைப் பிடித்த பிடி மட்டும் வலித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா என்னைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள், பையிலிருந்து சீப்பை எடுத்தாள். அங்கேயே தரையில் உட்கார வைத்து இரண்டு சடையும் பின்னிவிட்டாள். தம்பி பிழைத்தான். இப்போது என்னைவிட ஒரு முழம் உயரம்.

நான் இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில், புது வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். சேர்ந்த முதல் வாரம், ஓட்டத்துக்குத் தயாராக நின்ற ஒரு காரின் பின்சீட்டில் மூன்று சாக்குப் பைகளை ஆள் மாதிரி உட்கார வைத்து பெல்ட் போட்டிருந்தார்கள். இது என்ன என்று கேட்டேன்.

"மணல் மேடம். ஆள் வெயிட்டுக்கு. எல்லா எடத்துலயும் இதான வெப்பாங்க" என்றார் டிரைவர்.

நான் அந்தப் பைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தராசுப் பலகையின் ஓரத்தில் ஊன்றியிருந்த மாமாவின் கால் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் கடல். கடல் வரைக்கும் மணல். கேட்பாரில்லாத மணல். ஒரு சாக்கில் அள்ளிப் போட்டுக்கொள்ள மாமாவுக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் கால் நிறைய அந்த மணலோடுதான் ஓடி வருவேன், அவர் சொன்னபடி ஒரு பொட்டு விடாமல் தட்டிவிட்டுத்தான் காரில் ஏறுவேன். ஒருநாளும் எனக்கு அது தோன்றவில்லை.