சகலை கொடுத்த ரம்பம்

என் சகலை தன் எலுமிச்சைத் தோட்டத்தில் ஏழு மரங்களை அறுத்துத் தள்ளினார் என்று கேட்டதும், ஆரணி பஸ் நிலையத்தில் கால் கிலோ ஜாங்கிரி வாங்கித் தனியாக நின்று தின்றவன் நான். எழுபதுகளின் கடைசி அது. மறுவாரமே அவர் ஒரு கைரம்பத்தோடு என் தோட்டத்தில் வந்து நின்றார். அந்த ரம்பம் இன்னும் என் மோட்டார் கொட்டகை ஆணியில் தொங்குகிறது.

அவர் என் மனைவியின் தங்கை கணவர். சந்தவாசல் பக்கம் எங்கள் மாமனார் இருவருக்கும் அடுத்தடுத்து ஆளுக்கு ஓர் ஏக்கர் கொடுத்திருந்தார். ஒரே மண், ஒரே கிணறு. அவர் மரங்கள் காய்த்துக் குலுங்கின. நான் பள்ளியில் யாப்பிலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். மாமனார் பட்டு வியாபாரி. சேலையை விரலால் தடவியே தரம் சொல்வார். அதே விரலால் எலுமிச்சை இலையைக் கசக்கி மோந்து, "சின்ன மாப்பிள்ள கை பட்டா கட்டையும் துளிர்க்குது" என்பார். நான் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

"அண்ணே, இந்த ரெண்டு மரம் நோவுல கெடக்குது. இலை மஞ்சளாயி, நுனிக் கொம்பு காஞ்சிகினு வருது பாருங்க. இதுல சாறு குடிச்ச அசுவினிப் பூச்சி நல்ல மரத்துல போய் உக்காந்தா அதுக்கும் ஒட்டிக்கும். மருந்து பூச்சிக்குத்தான், நோவுக்கு இல்ல. ஜல்தியா வேரோட எடுத்துடுங்க" என்றார் சகலை. "ஆகட்டும்" என்று ரம்பத்தை வாங்கி மாட்டினேன். அந்த ஞாயிறு மாமனார் தோட்டம் பார்க்க வருவதாக இருந்தது. சகலை பக்கம் ஏழு குழி, என் பக்கம் ஒன்றுமில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக நான் முந்தியிருந்தேன். அதை அறுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

சனிக்கிழமை முழுக்க ஏணி போட்டு, அந்த இரண்டு மரங்களிலும் இருந்த மஞ்சள் இலைகளை ஒவ்வொன்றாகப் பறித்தேன். முள் கிழித்த கைகளோடு மறுநாள் மாமனாரை வரவேற்றேன். சகலையின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். அந்தத் தோளைப் பார்த்தே எனக்கு வயிறு எரிந்தது. ஓர் இலையைக் கசக்கி மோந்து, "நல்லாத்தான் இருக்குது" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக மரங்களை விட்டுவைத்தேன். பூச்சி தன் வேலையைப் பார்த்தது. இரண்டு மரம் ஆறாகி, எண்பதுகளில் என் தோப்பில் பாதி விறகானது. சகலை மருந்தடித்து, நோவு கண்ட மரத்தை அன்றைக்கே பிடுங்கி, மீதியைக் காப்பாற்றினார். என் பக்கத்திலிருந்து போன பூச்சியால் அவர் இழந்த மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பெருந்தன்மைக்காகவும் பொறாமைப்பட்டேன்.

போன மாதம் துருப்பிடித்த ரம்பத்தைத் துடைத்துக்கொண்டே, இலை பறித்த கதையை மனைவியிடம் முதல்முறையாகச் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"எங்கப்பாவுக்கா? அப்போ அவருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. யாவாரம் கெட்டுடும்னு வெளிய சொல்லல, அதான் தோளைப் பிடிச்சிகினு வந்தாரு. நீங்க மரத்தை மொட்டையடிச்சி வெச்சிருந்தாலும் நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லியிருப்பாருங்க."