எர்னஸ்டீன் திரும்பிப் பார்த்தாள்

கான்சஸ் சிட்டியில் நாங்கள் வாசிக்கும் வாத்தியக்காரர் சங்கக் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. பாட்டின் நடுவே பாடகி திரும்பி யாரைப் பார்க்கிறாளோ, அவன் வாசிப்பு சரியில்லை என்று அர்த்தம்; வாத்தியத்தை வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்க வேண்டும். டிரம்ஸ் அடிக்கும் என்னை மூன்று முறை இறக்கியிருக்கிறார்கள். எனக்கு அதில் வெட்கமில்லை. பேஸ் வாசிக்கும் ஆர்வில் டீகை மட்டும் முப்பத்தொரு வருடத்தில் ஒருத்தியும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஜாஸ் குழுக்களில் பாட்டுக்கு அடித்தளமாகக் கீழ்ஸ்வரம் போடும் ஆளுயர மர பேஸைக் கட்டிக்கொண்டு தொடங்கியவன் அவன். பிறகு பேஸ் கிட்டாருக்கு மாறி, எத்தனையோ ரிதம் அண்ட் ப்ளூஸ் இசைத்தட்டுகளில் வாசித்தான். ஊரே அவற்றுக்கு ஆடியது. உறையில் அவன் பெயர் இருக்காது. கேட்டால், "பாட்டு நிக்குதுல்ல? போதும்" என்பான். எனக்குத்தான் வயிறு எரியும்.

போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்தது. இடது கையில் இரண்டு விரல்கள்தான் அசைந்தன. ஏழு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மதியம், பேஸோடு வந்து நின்றான். இன்று இறக்கிவிட்டால் இனி இந்த மேடை ஏறமாட்டான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

பாட வந்தவள் எர்னஸ்டீன் காப், செயின்ட் லூயிஸ்காரி. அவள் கேட்ட சுருதி ஈ-ஃபிளாட். அதில் முக்கியமான ஸ்வரம் எதற்கும், விரல் வைக்காமல் மீட்டும் வெறுந்தந்தி உதவாது. விரல் ஓடாதவனுக்கு அது எமன். நான் எட்டிச் சொன்னேன்: "யம்மா, சுருதிய கொஞ்சம் ஏத்திப் பாடேன்..."

"ஹார்லன், குச்சிய மட்டும் ஆட்டு, வாய ஆட்டாத" என்றான் ஆர்வில்.

வாசித்தான். முன்பு எட்டு ஸ்வரம் போட்ட இடத்தில் மூன்றுதான் போட்டான். ஆனால் விட்டுப்போன ஐந்தும் எனக்குக் கேட்டன. சத்தியமாகக் கேட்டன. பெரிய டிரம்மை மிதிக்கும் என் கால் அவற்றின் மேல்தான் விழுந்தது. நாற்பது வருடம் தோலை அடித்தவன் சொல்கிறேன், மெய்சிலிர்த்துவிட்டது.

இரண்டாம் சரணத்தில் எர்னஸ்டீன் திரும்பினாள். நேராக ஆர்விலைப் பார்த்தாள்.

மற்றவர்கள் வாசிப்பை நிறுத்தினார்கள். ஆர்வில் தலையைக் குனிந்து, தோள்பட்டையிலிருந்து வாரைக் கழற்றப் போனான். நான் மட்டும் அடித்துக்கொண்டிருந்தேன்.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க?" என்றாள் அவள். "உங்க சட்டம் எனக்கும் தெரியும். நான் இறக்கல. முன்னாடி வாங்க. இவ்ளோ நேரம் என்னத் தூக்கிட்டு நின்னது யாருன்னு சனம் பாக்கட்டும்."

வயர் நீளும் மட்டும் முன்னே போனான். இத்தனை வருடம் என் பக்கத்திலேயே நின்றவனின் முதுகை அன்றுதான் பார்த்தேன். கண்ணீர் மறைத்தது, ஒரு தட்டு தவறினேன். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.