விழுந்தாரா, படுத்தாரா?

குஸ்தி போடுகிறவனுக்கு அடி அன்றைக்கு ஒரு நாள்தான். அதைப் பற்றி எழுதுகிறவனுக்கு வாரம் முழுக்க. சங்கீதக் கச்சேரி, நாடகம், கோயில் உற்சவம் என்று எதையாவது பார்த்து அபிப்பிராயம் எழுதி வயிறு வளர்க்கும் என் சகோதரர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், பாகவதரை விமர்சித்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். பயில்வானை விமர்சித்தால் அவர் வீடு தேடி வருவார். வந்து, உட்காராமல் நிற்பார்.

வேலை கிடைத்த விதம்

மகாராஜா காலத்து மைசூரில், தமிழில் வந்துகொண்டிருந்த ஒரு சின்ன வாரப் பத்திரிகையில் நான் பிழை திருத்துகிறவன். எங்கள் அச்சுக்கூடத்திலேயே கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், குஸ்தி நோட்டீஸ் எல்லாம் அச்சாகும். எனக்கு ஒரு குணம் உண்டு. பால்காரன் ஊற்றிய பாலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். ஜட்காக்காரன் "பக்கத்து வழி" என்றால் இறங்கி நடப்பேன். இந்தக் குணத்தால் வீட்டிலும் எனக்கு நல்ல பேர் இல்லை.

ஆசிரியர் மேலுக்கோட்டைப் பக்கத்து ஐயங்கார். நெற்றியில் திருமண், வாயில் வெற்றிலை. எனக்கு முன்னால் குஸ்தி பார்த்து எழுதிக்கொண்டிருந்தவர் பயில்வான்களோடு சேர்ந்து பாதாம் பால் குடித்துக் குடித்து எல்லாரையும் "சிங்கம், சிங்கம்" என்று எழுத ஆரம்பித்துவிட்டாராம். ஆசிரியர் அவரை நீக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். எனக்குக் குஸ்தியில் ஆனா ஆவன்னா தெரியாது என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சொன்னார்: "தெரிந்தவன் எழுதித்தான் இந்தக் கதி ஓய். நீர் பெற்ற தாயையே சாட்சி கேட்கிறவர், உமக்குத்தான் இது லாயக்கு."

கைப்பிடி மண்

முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். கோதாவில் இரண்டு பேர் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். நடுவில் ஒருவன் சட்டென்று குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி எதிராளியின் முதுகில் வீசினான். இது கண்ணில் மண் தூவுகிற வேலை, குறி தப்பி முதுகில் விழுந்துவிட்டது என்று முடிவுகட்டி, "பட்டப்பகலில் பித்தலாட்டம்" என்று எழுதித் தள்ளினேன்.

திங்கட்கிழமை பத்திரிகை வெளிவந்தது. செவ்வாய்க்கிழமை உஸ்தாத் நஞ்சப்பா வந்தார். கரடிமனை என்று இந்த ஊரில் சொல்லும் குஸ்திக்கூடம் ஒன்றின் தலைவர் அவர். காது இரண்டும் நசுங்கிப் போயிருக்கும். குரல் மட்டும் பூப்போல இருக்கும். வேர்வையில் உடம்பு வழுக்கும்போது பிடி நிற்பதற்காக எதிராளியின் மேல் மண் போடுவது வழக்கம், அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை என்று பொறுமையாக விளக்கினார். மஞ்சளும் குங்குமமும் போட்டுப் பூஜை செய்த மண்ணாம் அது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "ஸ்வாமி, கல்யாண வீட்டுக்குப் போனா, அட்சதை போட்டவங்க பேரையெல்லாம் போலீஸ்ல எழுதிக் கொடுப்பீங்களா?"

வியாழக்கிழமை வந்த சனிக்கிழமை

அப்புறம் ஜாக்கிரதையாகக் கற்றுக்கொண்டேன். இரண்டு தோளும் மண்ணில் பட்டால் தோல்வி, ஒரே கரடிமனைக்காரர்கள் தங்களுக்குள் மோதமாட்டார்கள், இப்படி. கற்றுக்கொள்ளக் கொள்ளச் சந்தேகம் குறையும் என்று நினைத்தேன். அது கூடத்தான் செய்தது.

பெங்களூர் தண்டு, அதாவது கன்டோன்மென்ட் பக்கத்திலிருந்து முனிசாமி என்ற காண்டிராக்டர் வந்து, தகரக் கொட்டகை போட்டு, டிக்கெட் வைத்து, சனிக்கிழமை தோறும் குஸ்தி நடத்தினார். ஒரு சனிக்கிழமை மைசூர் காசிமுக்கும் ராமாபுரம் மாரப்பனுக்கும் குஸ்தி. மாரப்பன் கொள்ளேகாலத்துக்கு அப்பால் ராமாபுரத்தில் காடு கழனியை அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டு வந்து, ஆறு வருஷமாக நஞ்சப்பாவின் கரடிமனையில் கோதா மண்ணைக் கொத்திப் பழகிக்கொண்டிருந்தவன். தசரா குஸ்தியில் ஒரு தடவையாவது இறங்கவேண்டும் என்பதுதான் அவன் வைத்திருந்த ஒரே ஆசை.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலையில் அடுத்த வாரத்து நோட்டீஸ் பிழை திருத்த என் மேஜைக்கு வந்தது. படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. "சென்ற சனிக்கிழமை மாரப்பனை மண் கவ்வச் செய்த மாவீரர் காசிம்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தச் சனிக்கிழமை வர இன்னும் இரண்டு நாள் இருக்கிறது! நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே முனிசாமியிடம் ஓடினேன். அவர் பல் குத்திக்கொண்டிருந்தார். கொஞ்சமும் அசரவில்லை. "உங்க ஆளுங்க எழுத்துக் கோக்கவே நாலு நாள் எடுத்துக்கிறாங்க. நான் என்னா பண்றது சார்? மாரப்பன் ஜெயிச்ச நோட்டீசை வேற பிரஸ்ல குடுத்து வச்சிருக்கேன்."

மூன்று வார்த்தை

இதை நீங்கள் நம்புவீர்களா? நானும் நம்பவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். முனிசாமி அனுப்பிய சோடாவைக்கூடத் தொடவில்லை. எனக்குக் குஸ்தியே கண்ணில் படவில்லை. எப்போது மாரப்பன் படுப்பான் என்பது ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் அவன் கைதான் மேலே இருந்தது. காசிமைக் கழுத்தோடு வளைத்துப் பிடித்திருந்தான். திடீரென்று அந்தப் பிடி தானாக விட்டது. அடுத்த நொடி மாரப்பன் மல்லாக்க விழுந்தான், இரண்டு தோளும் மண்ணில். எழுந்திருக்கும்போது சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் எனக்குப் போதுமானதாக இருந்தது. தோற்றவன் எதற்கு ஐயா சிரிக்கவேண்டும்? வீட்டுக்கு வந்ததும் ஒரே மூச்சில் எழுதினேன்: "மாரப்பன் விழவில்லை, படுத்தார்." மூன்றே வார்த்தை. என் வாழ்நாளில் நான் எழுதியதில் ஊரே திருப்பிச் சொன்னது இது ஒன்றுதான். காய்கறி மார்க்கெட்டில்கூடத் தக்காளி உருண்டால் "விழவில்லை, படுத்தது" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆசிரியர் என் தோளில் தட்டி, "ஓய், நீர் இனிமேல் பிழை திருத்தவேண்டாம், செய்யும்" என்றார். அப்போது அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கடலைப் பொட்டலம்

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை கடலை வாங்கித் தின்றுகொண்டே வந்தேன். தின்று முடித்ததும் பொட்டலக் காகிதத்தைப் படிப்பது பிழை திருத்துகிறவனின் வியாதி. ரோஜா நிறக் காகிதம். "சென்ற சனிக்கிழமை காசிமை வீழ்த்திய காளை, ராமாபுரம் மாரப்பன்." கீழே வேறொரு அச்சுக்கூடத்தின் பேர். தேவைப்படாமல் போனதால் கடலைக்காரனுக்கு எடைக்குப் போட்டிருக்கிறார்கள். முனிசாமி சொன்னது நிஜம்! யார் ஜெயிப்பார்கள் என்று அந்த மனுஷனுக்கே தெரியாது.

இருந்தாலும் என் புத்தி என்னை விட்டுப் போகுமா? என்னை ஏமாற்றவே இதை அப்புறம் அச்சடித்திருப்பார்களோ என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்படியே நஞ்சப்பாவின் கரடிமனைக்குப் போனேன். மாரப்பன் உள்ளே இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். என் விமர்சனம் வந்த நாளிலிருந்து உஸ்தாத் அவனை மண்ணில் கால் வைக்க விடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஜோடி கட்டும் நாள். தசராவில் யாரோடு யார் மோதுவது என்று எல்லாக் கரடிமனைப் பெரியவர்களும் கூடிப் பொருத்திப் பார்க்கிற நாள் அது. குஸ்தியை விற்றவன் என்று பேர் எடுத்தவனுக்கு எவனும் ஜோடி நிற்கமாட்டான். ஜோடி இல்லாவிட்டால் தசரா இல்லை. உஸ்தாதும், "நாளைக்கு உனக்கு ஜோடி கிடைச்சா உள்ளே வா, இல்லைன்னா மூட்டையைக் கட்டு" என்று சொல்லியிருந்தாராம்.

அவன் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. வீக்கம் வடிய ஆரம்பித்திருந்தது. பிடி ஏன் விட்டது என்று பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை, அப்புறம் எதற்காகச் சிரித்தான் என்று படபடவென்று கேட்டேன். மாரப்பன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தோத்தவன் காரணஞ் சொல்லப்படாதுங்க, அது கரடிமனை வழக்கமுங்க. அத்தனை பேர் பாக்கறப்ப சிரிக்காம வேறென்னங்க பண்றது, அழுகறதுங்களா?"

நான் பேசிய ஒரே கூட்டம்

அடுத்த பத்திரிகை திங்கட்கிழமைதான். அதில் மறுப்பு எழுதினால் ஒரு நாள் பிந்திவிடும். அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோஜா நிறக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜோடி கட்டும் கூட்டத்துக்குப் போனேன். ஜமுக்காளத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேர் கூப்பிடக் கூப்பிட இரண்டிரண்டு பேராக முன்னால் வந்து கைகோத்தார்கள். மாரப்பன் பேர் வந்தது. அவன் வந்து நின்றான். எதிரில் யாரும் வரவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன், "நிக்கவேண்டாம், படுத்துக்கோ!" என்று கத்தினான். என் வார்த்தை, என் காதிலேயே விழுந்தது.

எழுந்து நின்றேன். நான் எழுதியது தப்பு, இவர் விற்கவில்லை, இதோ அத்தாட்சி என்று எண்ணெய்க் கறை பிடித்த அந்த நோட்டீசைக் காட்டினேன். எந்த அத்தாட்சியும் இல்லாமல் எழுதியதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட அதே ஊர், அத்தாட்சியோடு வந்தவனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. ஜமுக்காளத்துப் பெரியவர் ஒருவர் கண்ணைச் சுருக்கிக் கேட்டார்: "ராமாபுரத்திலிருந்து உங்க வீட்டுக்கு வந்தது நெய்யா, தேனா, ஸ்வாமி?"

காசிம்

பால்காரன், ஜட்காக்காரன், முனிசாமி எல்லாரும் இத்தனை நாள் என்னிடம் பட்ட பாடு இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. நோட்டீசை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு காசிம் வந்தார். மைசூரில் அவரை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. அவருக்கு அந்த வருஷத்து ஜோடி முன்னாலேயே பேசியாகிவிட்டது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாரப்பனுக்கு எதிரே நின்றார். அவன் விரல் மூட்டு விலகிய சத்தம் தன் காதுக்குப் பக்கத்தில்தான் கேட்டது என்றார். ஜெயித்தவன் அதைச் சொன்னால் ஜெயித்தது குறைந்துபோகுமே என்று பேசாமல் இருந்துவிட்டாராம். பிறகு பெரியவர்கள் பக்கம் திரும்பினார். "இவன் படுத்தான்னா, நான் படுத்துக் கிடந்தவன் மேல ஏறி உக்காந்தவன்னு அர்த்தம். அந்தப் பேர் எனக்கு வேண்டாம். இவனுக்கு ஜோடி நான்." நஞ்சப்பா எழுந்து வந்து மாரப்பனின் கையை எடுத்துக் காசிமின் கையில் வைத்தார்.

தசராவுக்கு முதல் நாள்

திங்கட்கிழமை பத்திரிகையில் முதல் பக்கத்தில் மன்னிப்பு எழுதினேன். அதை யாரும் திருப்பிச் சொல்லவில்லை. குஸ்திக்கு முதல் நாள் மாரப்பன் என் வீட்டுக்கு வந்தான். விரல் குணமாகிவிட்டது. உட்காரச் சொன்னேன், பயில்வான்கள் வழக்கப்படி நின்றான். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்துக் காப்பி கொண்டுவரச் சொன்னேன். முதல் வரிசையில் எனக்கு இடம் போட்டாகிவிட்டது, நாளைக்குப் பார்த்து நன்றாக எழுதுகிறேன் என்றும் சொன்னேன். அவன் அடுத்துச் சொன்னதைக் கோபமாகச் சொல்லவில்லை; அப்படிச் சொல்லியிருந்தால் தேவலை. "ஏனுங்க, நாளைக்கு நீங்க மட்டும் வராதீங்க. நான் ஜெயிச்சா காசிம் உட்டுக் குடுத்தார்னு உங்களுக்குத் தோணும், தோத்தா நான் படுத்தேன்னு தோணும். நம்பறவங்க பாத்தாப் போதுமுங்க."

நான் போகவில்லை. வீட்டிலேயே இருந்தேன், சாயங்காலம் அந்தப் பக்கமிருந்து பெரிய ஆரவாரம் கேட்டது, சாமுண்டி மலையில் பட்டுத் திரும்பிய மாதிரி. மாரப்பன் தோற்றுவிட்டான் என்றும், அரைமணி நேரம் சரிக்குச் சரி நின்றான் என்றும், காசிமே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கோதாவைச் சுற்றி வந்தார் என்றும் ஜட்காக்காரன் வந்து சொன்னான்.

பதினோரு வருஷம் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதிய எனக்கு, ஒரு துளிகூடச் சந்தேகம் வராத குஸ்தி, நான் பார்க்காத அந்த ஒன்றுதான்.