சிவப்புக்குக் கறுப்பு

யாராவது ‘இது இப்படித்தான்’ என்று சொன்னால், ஏன் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. நாங்கள் குடியிருக்கிற தோட்டத்து வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், இதற்கு வாய்க்கொழுப்பு என்று பெயர். அந்தக் கொழுப்போடுதான் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் செய்தேன்.

பெல்மதுளைக்கு மேலே எங்கள் தோட்டம். தேயிலை பாதி, ரப்பர் பாதி. விடிந்ததும் ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போவேன், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டி வேலை. பலகை, ஸ்டோரில் கழித்துப் போட்ட பழைய தேயிலைப் பெட்டிகளுடையது. கிழிந்த ஸ்பீக்கர் ஓரத்தை ரப்பர் பால் தடவி ஒட்டினேன். அதெல்லாம் யாரும் செய்துவிடலாம். உயிரை வாங்கியது குரொஸ்ஓவர்தான். கனத்த சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கும் மெல்லிய சத்தத்தைச் சின்ன ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்புகிற கம்பிச்சுருளும் கண்டென்சரும் அது. அதற்கான கணக்கு டவுனில் வாங்கிய ஒரு சிங்களப் புத்தகத்தில் இருந்தது. ஐந்தாம் வகுப்புக்குமேல் சிங்களப் பள்ளியில் படித்தது அன்றைக்கு உதவியது. எரிந்துபோன மோட்டரின் கம்பியைத் தண்ணீர்க் குழாய்த் துண்டில் சுற்றினேன். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் குரல் தெளியும்வரை பத்துப் பத்துச் சுற்றாக அவிழ்த்தேன்.

புத்தகம் இன்னொன்றும் சொன்னது. இந்த வகைக் குரொஸ்ஓவரில் சின்ன ஸ்பீக்கரை மட்டும் வயர் மாற்றி, சிவப்பு முனைக்குக் கறுப்பு வயராக இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து பேச வேண்டிய இடத்தில் ஒன்று தள்ள மற்றது இழுக்கும், பேச்சுக்குரல் அமுங்கிப்போகும். நம்பாமல் இரண்டு விதமாகவும் இணைத்துக் கேட்டேன். புத்தகம் சொன்னதுதான் சரி.

அந்த வருசம் அம்மன் திருவிழாவுக்கு என் பெட்டிகளை வைக்கக் கேட்டேன். கோயில் காரியங்களையும் தோட்டத்து யூனியன் தலைவர்தான் பார்த்தார். சத்தம் சரியில்லையென்றால் பெட்டிகள் லயத்துக்குத் திரும்பும், அதன்பிறகு நான் ஸ்பீக்கர் செட்டுப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லித்தான் சம்மதித்தார்.

எம்ப்ளிஃபயர் கொண்டுவந்தவர் டவுனில் ரேடியோ திருத்துகிற முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பெட்டியின் பின்பக்கம் சின்ன ஸ்பீக்கரின் வயரைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார்.

“பிழையா ஈக்கிது தங்கச்சி. சிவப்புக்குச் சிவப்புதான்.”

விளக்கினேன். சிரித்தார். தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆற்றுக்குப் போனேன், எனக்குப் பால்குடம் எடுக்கிற நேர்த்திக்கடன் இருந்தது.

குடத்தைத் தலையில் ஏற்றினால் அம்மனுக்கு ஊற்றும்வரை இறக்கக்கூடாது. ஈரச்சேலையோடு வரிசையில் ஏறி வரும்போது பாதி வழியில் பூசாரியின் குரல் கேட்டது, வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவதுபோல. சத்தம் இருந்தது, சொல் இல்லை. வயரை மாற்றிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோயில் வாசலில் வரிசையை விட்டு விலகிப் பெட்டிகளின் பின்னால் போனேன். ஒரு கை குடத்தில். மறு கையால் நட்டுகளைத் திருக ஆரம்பித்தேன். தலைவர் ஓடி வந்தார்.

“என்னா புள்ள இது, கொடத்தோட வந்து வயர நோண்டுற? சாமி குத்தமாயிரும்.”

“கொடம் தலையிலதாங்க இருக்கு தலைவரே. ஒரு கை சும்மாதான இருக்கு.”

எனக்குப் பின்னால் வந்த பெண்கள் என்னைத் தாண்டிப் போகவில்லை. அத்தனை குடங்களும் வெயிலில் நின்றன. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் முதல் பெட்டியை முடித்து இரண்டாவதையும் மாற்றினேன்.

தலைவர் மைக்கை வாங்கி, பால்குடக்காரர்களை வரிசையாக வரச் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் கீழ் லயம்வரை தெளிவாகப் போனது. அவருக்கே ஆச்சரியம். அந்த உற்சாகத்தில், பெட்டிகள் யாருடையவை என்பதையே மறந்து, ஸ்பீக்கரை இவ்வளவு அருமையாக அமைத்துத் தந்த நானாவுக்கு எல்லோர் சார்பிலும் நன்றி சொன்னார். என் பெட்டிகள் அதையும் ஓர் எழுத்து விடாமல் சொல்லின.

நானா தலையைக் குனிந்துகொண்டார். மைக் எனக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. குடம் தளும்பாமல் மெதுவாக முன்னால் நகர்ந்தேன்.

“பொட்டி செஞ்சது நான்,” என்றேன். “இனிமே யாரும் வயர மாத்தாதீங்க.”

மலை முழுக்கக் கேட்டது. பிறகு போய் வரிசையில் என் இடத்தில் நின்றேன்.