கனகாம்பரக் கலர் அடித்த அறை

1. தெரு கேட்கிற கேள்வி

பெயிண்டிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது பிரஷ் பிடிப்பதை அல்ல, வாயை மூடிக்கொண்டிருப்பதை. வாசலில் ஏணியை இறக்கியதுமே தெரு வந்து "என்ன விசேஷம்?" என்று கேட்கும். நம் பக்கம் பொங்கலுக்கு அடிப்பார்கள், கிறிஸ்துமஸுக்கு அடிப்பார்கள், கல்யாணத்துக்கு அடிப்பார்கள். சும்மா இருக்கும்போது யாரும் சுவரைத் தொடுவதில்லை. அதனால் ஏணியைப் பார்த்தாலே சனங்களுக்கு மூக்கு வேர்த்துவிடும்.

நான் இசக்கியம்மாள். அம்பாசமுத்திரத்தில் சித்தாளாக உப்புத்தாள் தேய்க்க வந்தவள், இப்போது நாலு பேரை வைத்து வேலை எடுத்துச் செய்கிறேன். எத்தனையோ பெரிய வீடுகள் அடித்திருக்கிறேன். ஆனாலும் நினைப்பில் நிற்பது ஆழ்வார்குறிச்சியில் அடித்த ஒற்றை அறைதான்.

சங்கரபாண்டி அண்ணாச்சி கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்சாதி காலமான பிறகு அந்த வீட்டில் தனியாகக் கிடந்தார். ஒரே மகள் கோமதி. கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை. கோர்ட்டில் எல்லாம் முடிந்து அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்பாசமுத்திரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. தெருவைப் பார்த்த முன்னறை அவளுக்கு. பெயருக்குத்தான் அவளுக்கு, ஒரு பக்கம் நெல் மூட்டை, ஒரு பக்கம் உடைந்த நாற்காலி, நடுவில் அவள் கட்டில். சுவர் எல்லாம் அழுக்கேறிய வெள்ளை. வந்து மாசக்கணக்காகியும் துணிமணி பெட்டிக்குள்ளேயே இருந்தது.

பொங்கல் முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நேரம். எனக்குப் போன் போட்டவள் கோமதிதான்.

"யக்கா, நாலு சுவரும் கனகாம்பரக் கலர் அடிக்கணும்."

"ஒரு சுவருக்கு மட்டும் அடிச்சா எடுப்பா இருக்கும்மா. மத்த மூணும் க்ரீம் அடிச்சிரலாம்."

"நாலும் அடிங்கக்கா. எனக்குப் புடிச்சதுன்னு இதுவரைக்கும் ஒரு இடத்துலயும் ஒண்ணும் இருந்ததில்ல."

நாலு சுவருக்கும் சேர்த்தே கணக்குப் போட்டேன்.

2. மறையுமா?

ஏணியை இறக்கி முடிக்கவில்லை, எதிர்வீட்டு செல்லத்தாய் வந்துவிட்டாள்.

"என்ன இசக்கி, விசேஷமா? மருமவன் சமாதானம் ஆயி கூட்டிட்டுப் போக வாராவளோ?"

நான் பட்டி மூட்டையைத் தூக்குவதுபோல் குனிந்துகொண்டேன். வாசலில் நின்ற அண்ணாச்சி அதை இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ம்" என்று ஒரு முக்கு முக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த ஒரு 'ம்' போதாதா? பொழுது சாய்வதற்குள் மருமகன் வருகிற செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது.

நாங்கள் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பள்ளமெல்லாம் நிரம்பப் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, ப்ரைமர் அடித்தோம். மறுநாள் காலையில் டப்பாவை உடைக்கும்போது அண்ணாச்சி பைய என் பக்கத்தில் வந்தார்.

"எம்மா, பின்னால வேணும்னா இதுக்கு மேல வெள்ளை அடிச்சா மறஞ்சிருமா?"

"லேசுல மறையாது அண்ணாச்சி. முதல்ல ப்ரைமர் அடிக்கணும். அதுக்கு மேல மூணு கோட்டாவது வேணும். எதுக்குக் கேக்குதீய?"

"இல்ல, நாளப்பின்ன அவ போயிட்டா..."

கோமதி சாப்பாட்டுத் தூக்கோடு வாசல்படியில் நின்றாள். வேலைக்குக் கிளம்பியவள் அதைக் கேட்டுவிட்டாள். முகம் செத்துப்போயிற்று. அப்படியே பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

3. முதல் கோட்

இந்த மாதிரி அடர்ந்த கலரை வெள்ளை கலக்காத பேஸில்தான் கலந்து கொடுப்பார்கள். முதல் கோட்டில் சுவரைப் பிடிக்காது. ரோலர் போன தடமெல்லாம் திட்டுத் திட்டாகத் தெரியும். எங்களுக்கு அது பழகிய விஷயம். வீட்டுக்காரர்கள்தான் பதறிப்போவார்கள்.

மத்தியானம் எட்டிப் பார்த்த அண்ணாச்சி தலையில் கைவைத்துவிட்டார்.

"என்னம்மா இது, புள்ளைக்கு வயிறு கெட்டுப்போனாப்புல இருக்கு! இதுக்குத்தான் காலையிலயே கேட்டேன். நிப்பாட்டு. வெள்ளையையே அடிச்சிரு."

கோமதிக்குப் போன் போட்டேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து நின்றாள். சுவரைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

"யப்பா, கலருக்காவ நான் பேசல. அவரு வரப்போறாருன்னு தெருவே சொல்லுது. நீங்க இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லல. பின்னால மறைக்க முடியுமான்னு அக்காட்ட கேக்குதீய. இந்த ரூம் எனக்குன்னா அடிக்கச் சொல்லுங்க. இல்லன்னா இப்படியே கெடக்கட்டும். நான் பாளையங்கோட்டையில ஹாஸ்டல் பாத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது.

அண்ணாச்சி, நாங்கள் அறை நடுவில் இழுத்துப் போட்டிருந்த நெல் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கோ ரோலர் காய்ந்துகொண்டிருக்கிறது. வேலையை நிறுத்துவதா, தொடர்வதா என்று யாராவது சொல்ல வேண்டும்.

"நெசமாவே போயிருவாளா எம்மா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கிட்ட கேட்டா? போவாம என்ன செய்வா? பெத்த அப்பனே வாயில கொழுக்கட்டைய வச்சிருந்தா, ஊர்க்காரன் வாய மூடுவானா?"

அவர் கோபப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ அம்மா போனப்பொறவு இந்த வீட்ல பேச்சுச் சத்தமே கெடையாது. இவ வந்துதான் எனக்கு ஒரு வாய் சோறு எறங்குது. அவ போயிரக் கூடாதுன்னுதான் இருக்கு. ஆனா நான் அப்படி நெனைக்கலாமான்னு பயம்மா இருக்கு. புருஷன் வீட்ல வாழணும்னு நெனைக்காம, எங்கூடவே இருக்கட்டும்னு நெனைச்சா நான் என்ன அப்பன்?"

பாவமாக இருந்தது. இந்த மனுஷன் இதை மகளிடம் சொல்லாமல், பெயிண்ட் அடிக்க வந்தவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாரே என்று ஆத்திரமாகவும் இருந்தது. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது; கோமதி காதில் எல்லாம் விழுந்திருக்கும். நான் டீ குடிக்க வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது நெல் மூட்டை அறையை விட்டுக் கூடத்துக்கு நகர்ந்திருந்தது, உடைந்த நாற்காலி புறவாசலுக்குப் போயிருந்தது.

"ரெண்டாவது கோட் அடி எம்மா" என்றார்.

4. ஜன்னல்

மூன்றாவது கோட் காய்ந்ததும் நிறம் எழும்பி நின்றது. தலையில் வைக்கிற கனகாம்பரமேதான். என்னோடு வந்த மாரியப்பன், "வெளக்குப் போடாமலே வெளிச்சமா இருக்கு" என்றான்.

அண்ணாச்சி டப்பாவை ஆட்டிப் பார்த்தார். "மிச்சம் இருக்குல்லா? தெருவப் பாத்த ஜன்னலுக்கும் இதையே அடிச்சிரு."

"இது எமல்ஷன், அண்ணாச்சி. மரத்துக்கும் கம்பிக்கும் எனாமல்தான் நிக்கும். இதே கலர்ல தனியா வாங்கணும்."

டப்பா மேல் ஒட்டியிருந்த ஷேடு நம்பரைப் பார்த்துக்கொண்டு டி.வி.எஸ்ஸை எடுத்தவர்தான், எனாமல் டப்பாவோடு திரும்பி வந்தார். வண்டியை விட்டு இறங்குவதற்குள் செல்லத்தாய் வந்துவிட்டாள்.

"டப்பா டப்பாவா வந்து எறங்குதே அண்ணாச்சி! மருமவன் எப்ப வாராவ?"

அண்ணாச்சி டப்பாவைக் கீழே வைத்தார். அந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினார்.

"மருமவன்னு யாரும் வர மாட்டாவ, செல்லத்தாயி. அது முடிஞ்சு போச்சு. இது எம்மவ ரூம். அவ இங்கனதான் இருப்பா. அவ எங்கூட இருக்கது எனக்குச் சந்தோசமா இருக்கு. அதுக்குத்தான் அடிக்கேன்."

செல்லத்தாய் ஜன்னல் வழியாகச் சுவரை எட்டிப் பார்த்தாள். "கலரு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு தன் வீட்டைப் பார்த்துப் போய்விட்டாள்.

கோமதி உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "யப்பா, வெயில்ல நிக்காதீய. உள்ள வாங்க" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

இந்த வேலைக்கு வந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். கலர் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற ஷேடு கார்டை வீட்டின் பெரியவர் கையில் முதலில் கொடுக்காதே. அந்த அறையில் யார் படுப்பார்கள் என்று கேள். அவர்கள் கையில் கொடு. எந்தக் கலரைத் தொட்டாலும் முகம் சுளிக்காமல் அடித்துக் கொடு. நாலு சுவராவது அவர்கள் சொன்னபடி இருக்கட்டும்.